நான்காம் மாதம் என்றால் எந்த நான்காம் மாதம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கைக்குழந்தைகளின் வளர்ச்சி பற்றி முழுப் பக்கத்துக்கு ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். முதல் மாதம் முகம் பார்க்கும், இரண்டாம் மாதம் சிரிக்கும், மூன்றாம் மாதம் கழுத்து நிற்கும், நான்காம் மாதம் குப்புற விழும், ஆறாம் மாதம் உட்காரும் என்று மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி ஒரு அட்டவணையைச் செல்போனில் சேமித்து வைத்துக்கொண்டு, ராத்திரி பால் கொடுக்கும்போதெல்லாம் அதைத் திறந்து திறந்து பார்த்து, கிட்டத்தட்ட மூன்று மாதம் அழுதவள் நான். அடுத்த வாரம் ஏழாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரைக்கான பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அது அச்சுக்குப் போவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

என் மகள் 33 வாரத்தில் பிறந்தாள். நாற்பது வாரம் உள்ளே இருக்க வேண்டியவள் ஏழு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். இன்குபேட்டரிலிருந்து வெளியே வந்து வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம், எடையும் ஒழுங்காக ஏறியது. ஆனால் எட்டாவது வாரத்திலும் அவள் சிரிக்கவில்லை. தூக்கத்தில் உதடு துடித்துச் சிரிக்கிற மாதிரி வரும், அது வேறு. விழித்திருக்கும்போது முகம் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவது வாரமும் இல்லை, பத்தாவது வாரமும் இல்லை. அட்டவணையில் இரண்டாம் மாதத்துக் கட்டத்தில் பளிச்சென்று ஒரு சிரிக்கிற குழந்தை. பார்க்கிற உறவுக்காரர்களும் 'இன்னும் சிரிக்கலையா' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மூளையில் ஏதாவது கோளாறோ என்று நானும் என் கணவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே பயந்துகொண்டிருந்தோம்.

பதினோராவது வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது எடை பார்த்த வயதான நர்ஸ் அம்மா என் முகத்தைப் பார்த்தே என்னவோ கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, இவ வயசை எந்தத் தேதியிலேருந்து எண்ணுற?"

"பொறந்த தேதியிலேருந்துதான் சிஸ்டர்."

"பொறக்க வேண்டிய தேதி எது?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "அப்ப இது நாலு வாரக் கொழந்தைம்மா. நாலு வாரக் கொழந்தை சிரிக்கலைன்னா அழுவுற?"

திருத்திய வயது என்று இதற்குப் பெயர். 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் குறைமாதக் குழந்தை. அந்தக் குழந்தை எத்தனை வாரம் முன்னால் வந்ததோ அத்தனை வாரத்தை அதன் வயதிலிருந்து கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும், இரண்டு வயது வரைக்கும் இப்படித்தான் பார்ப்பார்கள். கண் பார்ப்பதும் கழுத்து நிற்பதும் மூளையும் நரம்பும் பக்குவப்படுவதைப் பொறுத்தவை, சீக்கிரம் வெளியே வந்ததால் அந்தப் பக்குவம் சீக்கிரம் வந்துவிடாது. (தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிக் கணக்குப்படிதான், அதில் வாரத்தைக் கழிக்கக் கூடாது. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் குழம்பினேன்.) இவ்வளவுதான் விஷயம், ஒரே ஒரு கழித்தல் கணக்கு. உங்கள் முழுப் பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, பிறந்த பதிமூன்றாவது வாரம், காலையில் அவளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். என்னத்தையோ பேசிக்கொண்டே மாற்றினேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் பார்வை மெதுவாக மேலே ஏறி என் கண்ணில் வந்து நின்றது. முதலில் புருவம் இரண்டும் உயர்ந்தன, வாய் ஒரு பக்கம் மட்டும் கோணியது, அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். மறு பக்கமும் விரிந்தது. கால் இரண்டும் ஒரே நேரத்தில் உதைத்தன, முகம் பூரா சிரிப்பு. திருத்திய வயதுக் கணக்கில் சரியாக ஆறு வாரம். பெரும்பாலான குழந்தைகளுக்கு முகம் பார்த்த சிரிப்பு வருவது ஆறிலிருந்து எட்டு வாரத்தில். அவள் தாமதமே இல்லை, நான்தான் தப்பான தேதியை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன்.

சரி, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காவது அந்த அட்டவணை பொருந்துமா என்றால், அதுவும் அப்படியே பொருந்தாது. இந்த மாதத்தில் இது என்கிற அளவுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் என்பவர் போன நூற்றாண்டின் முதல் பாதியில் குழந்தைகளைப் படம் பிடித்து, பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்து, எந்த வயதில் எதைச் செய்கின்றன என்று வரிசைப்படுத்தியதிலிருந்து இது பெரிதாகப் பரவியிருக்கிறது. அப்புறம் வந்த பல பட்டியல்கள் பாதிக் குழந்தைகள் செய்கிற வயதைத்தான் எடுத்துப் போட்டன. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பாதிக் குழந்தைகள் நான்காம் மாதத்தில் ஒன்றைச் செய்கின்றன என்றால் மீதிப் பாதி அதற்கு அப்புறம்தான் செய்யும். அந்த மீதிப் பாதியின் அம்மாக்கள் எல்லோரும் அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையமான சி.டி.சி. 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது இதைத்தான் மாற்றியது, 75 சதவீதம் குழந்தைகளாவது செய்கிற வயதைத்தான் போடுவது என்று முடிவெடுத்தார்கள். தவழ்வதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

தவழ்வது பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இல்லை, ஒரு சன்னல் மாதிரி இருக்கிறது, எப்போது திறக்கிறது எப்போது மூடுகிறது என்று. பிடிக்காமல் தானாக உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. கை முட்டி ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை. தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்கு மேல் தவழவே இல்லை, நேராக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டன. உங்கள் அட்டவணையில் உட்காருவதற்கு ஆறாம் மாதம் என்று ஒரே எண். அந்த எண் பொய் என்று சொல்ல வரவில்லை, நிறையக் குழந்தைகள் ஆறு மாத வாக்கில்தான் உட்காருகின்றன. ஆனால் ஏழரை மாதத்தில் உட்காருகிற குழந்தையும் அதே அளவு நல்ல குழந்தைதான் என்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

இன்னொன்று, வளர்ச்சி என்றாலே புதிதாக ஏதாவது வந்து சேருவது என்று அட்டவணைகள் நினைத்துக்கொள்கின்றன. முதல் மாதங்களில் சிலது மறைந்து போவதும் வளர்ச்சிதான். என் தோழி ஒருத்தி ஒருநாள் போனில் பதறிப்போய்ப் பேசினாள். அவள் மகனைப் பிறந்த இரண்டாவது வாரத்தில் நிமிர்த்திப் பிடித்துப் பாதம் தரையில் படும்படி வைத்தால் நடக்கிற மாதிரி கால் மாற்றி மாற்றி வைப்பான், எல்லோரும் பார்த்து மகிழ்ந்தார்கள், இரண்டு மாதம் ஆனதும் நின்றுவிட்டது, கால் போய்விட்டதோ என்று பயம். இது எல்லாப் பச்சைக் குழந்தைக்கும் நடப்பது. எஸ்தர் தெலன் என்கிற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1984இல் இதற்குக் காரணம் சொன்னார்கள். குழந்தையின் கால் சதைபோட்டு வேகமாகக் கனக்கிறது, அந்தக் கனத்தைத் தூக்குகிற பலம் அதே வேகத்தில் வரவில்லை. குழந்தையை நெஞ்சளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்தார்கள், நடை திரும்பி வந்தது. காலில் சின்ன எடை கட்டினார்கள், நடை குறைந்தது. தோழியிடம் இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, அப்புறம் "அப்ப அவன் குண்டாயிட்டான், அவ்ளோதானா" என்றாள். அதே மாதிரிதான் சத்தம் கேட்டால் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டுத் திரும்ப அணைக்கிற அனிச்சையும். மோரோ என்று ஒரு மருத்துவர் பெயரில் அதைச் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும், மறையாமல் இருந்தால்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அழுகைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கலாம். இரண்டு வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய் ஆறு வாரத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் இறங்கிவிடும். பிரேசல்டன் என்கிற குழந்தை மருத்துவர் 1962இலேயே அம்மாக்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லிக் கணக்கெடுத்திருக்கிறார், ஆறு வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரம் அழுகை. நோய் எதுவும் இல்லாத குழந்தைகள்தான். குறைமாதக் குழந்தைக்கு இந்த உச்சமும் திருத்திய வயதின் ஆறு வாரத்தில்தான் வரும். பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல் ஆரம்பிக்கும், பால் கொடுத்தாலும் தூக்கினாலும் நிற்காது, நமக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை என்று தோன்றும். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி என் கை நடுங்கிவிட்டது, கோபமா களைப்பா என்று எனக்கே தெரியவில்லை. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தப்பில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் பொறுமை போய் யாராவது குழந்தையைப் பிடித்து உலுக்கிவிட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும், உயிரே போகலாம். ஆறாவது வாரம் உச்சம், அப்புறம் இறங்கும் என்கிற ஒரு வரியை முதல் மாதத்திலேயே படித்திருந்தால் எத்தனை பேருக்கு அந்த ராத்திரிகள் கொஞ்சமாவது தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு 'அப்போ ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி, கவலையே வேண்டாம்' என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இதைவிட ஆபத்து. எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு இரண்டரை வயதில்தான் காது கேட்காதது தெரிந்தது. அதுவரை யார் கேட்டாலும் 'சில குழந்தைங்க லேட்டாத்தான் பேசும்' என்ற ஒரே பதில். அவனுடைய அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்திருக்கிறது. ஆனால் மூன்றாம் மாதம் அவன் 'ஆ', 'ஊ' என்று குரல் கொடுத்தானே, அட்டவணைக் கட்டம் சரியாக நிரம்பிவிட்டதே. காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் அப்படிக் குரல் கொடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிற குழந்தைகள் 'பபப', 'மமம' என்று தொடர் ஒலிக்குப் போகிற பருவத்தில்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், அதற்குள் எத்தனையோ மாதம் போய்விடும். காதுப் பரிசோதனை பிறந்த ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும், சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் முறை. குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடிகிற, வலியே இல்லாத சோதனை அது.

அதனால் காத்திருக்கக் கூடாதவை சில இருக்கின்றன, அதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் உடம்பில் மஞ்சள் தெரிந்தாலும் அப்படியே. மூன்று மாதம் ஆகியும் பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடாமல் இருந்தால், முகத்தையோ அசைகிற பொருளையோ கண் தொடர்ந்து போகாவிட்டால், சிரிப்பே வராவிட்டால் கேட்க வேண்டும். நான்கு மாதம் ஆகியும் தலையைக் கொஞ்சம்கூட நிறுத்த முடியாவிட்டால், கை எப்போதும் இறுக மூடியே இருந்தால், உடம்பு துணி மாதிரித் துவண்டோ கட்டை மாதிரி விறைத்தோ இருந்தால் கேட்க வேண்டும். ஒரு கையை மட்டுமே அசைக்கிறது, மற்றது சும்மா கிடக்கிறது என்றால் இடதுகைப் பழக்கம் வலதுகைப் பழக்கம் என்று சமாதானம் ஆகாதீர்கள், அந்தப் பழக்கம் ஒரு வயதுக்கு முன்னால் வருவதில்லை. போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அதே வாரத்தில் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செய்துகொண்டிருந்த சிரிப்பும் குரலும் நின்றுபோனால், எந்த வயதானாலும், காத்திருக்கவே கூடாது. இதிலும் குறைமாதக் குழந்தைக்குக் கழித்தல் கணக்கு உண்டு, ஆனால் காய்ச்சலுக்கும் மஞ்சளுக்கும் எந்தக் கழித்தலும் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பிறந்த குழந்தைக்கு 20லிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம் அது. குரல் அதற்கு முன்னாலேயே பழக்கம். பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் அறிமுகமில்லாத குரலைவிட அம்மாவின் குரல் கேட்பதற்காகச் சப்புகிற விதத்தையே மாற்றிக்கொண்டதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 1980இல் காட்டினார்கள். எட்வர்டு டிரானிக் என்கிற உளவியலாளர் 1970களில் செய்த சோதனையைப் படித்தபோது என்னால் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியவில்லை. அம்மா குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருப்பார், திடீரென்று முகத்தை எந்த உணர்ச்சியும் இல்லாமல் வைத்துக்கொள்வார், இரண்டு மூன்று நிமிடம்தான். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், குரல் கொடுக்கும், பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். அந்தப் பதினொரு வாரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அவள் வாயில் பால், கண் என் முகத்தில், என் கண் செல்போனில் இருந்த இரண்டாம் மாதத்துக் கட்டத்தில். அவள் சிரிக்கவில்லையே என்று அவளைப் பார்க்காமல் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது பத்து மாதம், கழித்தால் எட்டரை. உட்காருகிறாள், தவழவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து செருப்பு வைக்கிற இடம் வரை போய்விடுகிறாள். பழையதை நினைத்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை, இருந்தாலும் அந்த மூன்று மாதம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

அடுத்த வாரப் பகுதிக்கு நான் கேட்பது மூன்றுதான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே மாதத்தைப் போடாமல் எதிலிருந்து எதுவரை என்று போடுங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளே இருக்கின்றன. பக்கத்தின் மேலேயே, கண்ணில் படுகிற எழுத்தில், குறைமாதத்தில் பிறந்திருந்தால் முன்னால் வந்த வாரங்களைக் கழித்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. அப்புறம் காத்திருக்கக் கூடாதவற்றுக்கு ஒரு தனிக் கட்டம். இடம் போதாது என்றால் படங்களில் இரண்டைக் குறைத்துவிடுங்கள். முதல் பகுதிக்கும் ஒரு சின்னத் திருத்தம் அதே பக்கத்தில் வந்தால் நல்லது, ஏனென்றால் போன ஞாயிறு அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறவர்கள் அடுத்த பகுதியையும் கட்டாயம் தேடிப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி